சியாவோ அண்ணையிடம் பிள்ளையை ஒப்படைத்த நாள்

மாலை நாலு இருபதுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. ஆர்ச்வே முருகன் கோயிலுக்குத் தேவாரம் பாடப் போன என் ஒன்பது வயது மகளைக் காணவில்லை. குட்மேய்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவதாகச் சொன்னவர் சியாவோ அண்ணை.

லண்டனில் சொன்ன சொல்லுக்கு அவரைப்போல் கட்டுப்பட்ட மனிதர் வேறு இல்லை. ஆபத்தே அதுதான்.

இங்கு அகதியாக வருமுன் வெனிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியவர். அங்கே படித்த சொல் ஒன்றுதான். வந்தாலும் சியாவோ, போனாலும் சியாவோ. இத்தாலியர் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் யாரோ ஒரு சமையல்காரன் அதன் வேரையும் இவருக்குச் சொல்லிவிட்டான். அந்தக் காலத்து வெனிஸ்காரர் ஒருவரையொருவர் கண்டால் 'நான் உங்கள் அடிமை' என்பார்களாம். அந்த 'அடிமை' வாய்க்குள் தேய்ந்து சியாவோ ஆனதாம். இத்தாலியே அதை மறந்துவிட்டது. அண்ணை மறக்கவில்லை.

எங்களுக்கு அறிமுகமான முதல் நாள் எங்கள் வாசலில், "சியாவோ, தங்கச்சி" என்றார்.

நான் பேச்சுக்கு, "இந்த அலுமாரியை மேல ஏத்த ஆளில்லை அண்ணை" என்றேன்.

தனியாகத் தூக்கினார். படியில் பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "அடிமை எண்டு சொல்லிப்போட்டுச் சும்மா நிக்க ஏலுமே?" என்றார்.

பிள்ளையைக் காணாத அன்று மாலை கோயிலுக்குப் போன் அடித்தேன்.

"ஓம், பிள்ளையை ஏத்திக்கொண்டு அப்பவே வெளிக்கிட்டவர். எல்லாருக்கும் சியாவோவும் சொன்னவர்."

"எல்லாருக்கும் எண்டால் ஆருக்கு?"

"பிரசாதத்துக்கு நிண்ட வரிசை முழுக்க."

அந்த வரிசையில் எத்தனை பேர் எத்தனை வேலை கேட்டிருப்பார்களோ! இத்தாலிச் சொல் ஒன்று என் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது என்று பொலிசுக்கு எப்படி விளக்குவது?

இருட்டும் நேரத்தில் கார் வந்தது. மகள் வடைப் பையோடு இறங்கினாள்.

"அம்மா, குரோய்டனுக்குப் போனம். ஒரு அன்ரியின்ட சோபாவையும் மாத்தி வச்சம்."

"உங்களுக்கு விசரோ அண்ணை? நான் இங்க செத்துப் பிழைச்சனான்."

அவர் தலையைக் குனிந்தார். "அவையள் உதவி கேட்டவை, தங்கச்சி."

மகள் அவர் கையைப் பிடித்து, "சியாவோ, மாமா" என்றாள்.

பொருள் தெரிந்த பிறகு அதை அவருக்குத் திருப்பிச் சொல்ல எங்களில் யாருக்கும் துணிவு வந்ததில்லை. அண்ணை என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, மெல்ல:

"அப்ப ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ, பிள்ளை?"