மூன்று கை கேட்ட திருப்புளி

அன்று கிணற்றடியில் கூடியவர்கள்: துணிக்கடை ராவுத்தர். குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிற டிரைவர். கணக்கு வாத்தியார். ஏலக்காய் மூட்டை தைக்கிற நான். அப்புறம் திருப்புளி. போடியில் எங்கள் காம்பவுண்டில் மொத்தமே ஐந்து வீடு. ஐந்தாவது அவனுடையது.

நல்ல பொருளைக் கெடுப்பதில் போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் அவனை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை. யாரும் கூப்பிட வேண்டாம். சட்டைப் பையில் திருகாணி கழற்றுகிற திருப்புளியோடு வந்துவிடுவான். அதுவே பேராகிவிட்டது. ராவுத்தர் குடையைச் சரி செய்தான். விரிந்தது, மடங்கவில்லை. அவர் கடைக்குள்ளும் குடை கடைக்கு வெளியேயுமாக இருந்தார்கள். ஜீப்பு ஹாரனைத் தொட்டான். அது மலை ஏறி இறங்கும்வரை ஓயவில்லை. கிணற்றுக் கப்பியைக் கழற்றி மாட்டினான். வாளி இறங்கியது. பின்னாலேயே கப்பியும் இறங்கியது.

சண்டை போட்டுப் பார்த்தோம். கேட்கவில்லை. அன்று கிணற்றடியில் ராவுத்தர்தான் வழி சொன்னார்.

“இவனை வேலைக்கு வச்சுருவோம்.”

“கிறுக்கு புடிச்சிருச்சா ராவுத்தரே?” என்றார் டிரைவர்.

“சும்மா இருக்கவன் எதையும் தொடுவான். வேலைக்காரன் சொன்னாத்தானப்பா தொடணும்.”

மற்ற நாலு வீட்டில் மூன்று கை தூக்கினால்தான் அவன் எதையும் தொடலாம். கூலி, முறை வைத்து வீட்டுக்கு ஒருநாள் சோறு. திருப்புளிக்குக் கண் கலங்கிவிட்டது.

“சர்க்கார் உத்தியோகம் மாதிரில்ல இருக்கு!”

நாலு மாதம் யாரும் கை தூக்கவில்லை. ஒன்றும் கெடவில்லை.

ஐப்பசி மழையில் என் வீட்டுக் கதவு ஊறி, தாழ்ப்பாள் இறுகிவிட்டது. உள்ளே என் பெண்சாதி தனியாகப் பிரசவ வலியில். மூட்டை தைத்துக்கொண்டிருந்த என்னிடம் ஆள் வந்து சொன்னது, வீட்டுக்கு ஓடினேன். வாசலில் மருத்துவச்சி கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் திருப்புளி, சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நின்றான். கதவை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

“கழட்டுடா!”

“ஒங்க கை ஒண்ணுதாண்ணே. மூணு வேணும். மத்தவுக சோலிக்குப் போய்ட்டாக.”

சத்தம் கேட்டு வந்த ராவுத்தர் சம்சாரம் கை தூக்கினார். வாத்தியார் சம்சாரமும் தூக்கினார்.

“பொம்பளைக கை செல்லுமாண்ணே?”

“சோறு போட்டப்ப எந்தக் கைன்னு கேட்டியாடா?” என்றார் ராவுத்தர் சம்சாரம்.

உள்ளேயிருந்து என் பெண்சாதி கத்தினாள்.

“நானுந் தூக்கிட்டேன்! வெரசா எடுடா, பாவி!”

நல்லவேளை, கீல் வெளிப்பக்கம். திருகாணிகளைக் கழற்றினான். கதவு கையோடு வந்தது. அவன் தொட்டு உருப்பட்ட முதல் சோலி.

மருத்துவச்சி உள்ளே போனாள். வாசலுக்கு மறைப்பில்லை. கதவை முதுகில் சாய்த்துக்கொண்டு, தெருவைப் பார்த்து, மழையில் நின்றான். சாயங்காலம் வரை நின்றான். நான் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். விடவில்லை.

குழந்தை அழுதது. பெண். இரண்டு பேரும் சுகம் என்றாள் மருத்துவச்சி. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

திருப்புளி திரும்பாமலே சொன்னான்.

“அண்ணே, எல்லா உருப்படியும் சரியா இருக்கான்னு பாத்துருங்க. வெரல எண்ணுங்க.”

அவன் சொன்னானே என்று உள்ளே போய் எண்ணினேன். கையும் காலுமாக, இருபது.