நாளைக்குத் தண்ணி வருது, இருக்கிறதைக் கொட்டுங்க

கெட்ட சேதியை எவன் வேண்டுமானாலும் கொண்டுவரட்டும், நல்ல சேதியை மட்டும் நாம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்கிற அரிப்பு எல்லா மனிதருக்கும் கொஞ்சம் உண்டு. எனக்கு அது சிரங்காகவே இருந்தது. வார்டு மெம்பர் ஆனதும் உடம்பெல்லாம் பரவிவிட்டது.

மெம்பர் ஆனதில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. காரிமங்கலம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகிற லோடு ஆட்டோக்காரன் நான். ஐந்தாம் வகுப்பில் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவர் இருந்துகொண்டார், நான் வந்துவிட்டேன். படிப்புக்குப் பதிலாக வாய் வளர்ந்தது. டீக்கடையில் நாலு பேரைச் சிரிக்க வைப்பேன் என்பதற்காகவே ஓட்டுப் போட்டார்கள். (சிரிப்பு காட்டறவன் கையில தண்ணித்தொட்டி சாவியக் குடுத்தா என்னாவும்னு யாரும் யோசிக்கல. நானும்தான்.)

மற்ற மெம்பர்கள் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். எனக்கு எழுத்து சரியாக வராது. அதனால் சாயங்காலம் ஆனால் ஆட்டோ மேல் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வார்டுச் சேதி சொல்லிக்கொண்டு போவேன். அதையே போனில் பேசி வார்டு குரூப்பிலும் போடுவேன்.

"மூணாவது கம்பத்து லைட்டு மாத்தியாச்சுங்க. இனிமே லவ் பண்றவங்க நாலாவது கம்பத்துக்குப் போயிக்கங்க."

"கோயில் பக்கம் வெறிநாய் ஒண்ணு சுத்துதுங்க. கறுப்பு நாய். கொழந்தைங்கள வெளிய வுடாதீங்க. மெம்பருன்னுகூடப் பாக்காம என்னையே தொரத்துச்சு."

குரூப்பில் மஞ்சள் மூஞ்சிகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன்.

ஒருவர் மட்டும் சிரிக்கமாட்டார். எதிர் வீட்டுப் பச்சியப்பன் மாமா. உறவு கிடையாது, எதிர் வீடு என்பதால் மாமா. மொரப்பூர் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். நான் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வருகிற நேரம் பார்த்து வாசலில் நிற்பார்.

"டேய் மாதேசா, ஆத்துத்தண்ணி எப்படா வரும்?"

"சொல்லியிருக்கன் மாமா."

"சொல்றது பெருசில்லடா. டிக்கெட்ட கிழிச்சுக் குடுத்துட்டு வண்டி வரலன்னா ஜனம் யாரு சட்டயப் புடிக்கும்? மொதலாளியயா? கண்டக்டரத்தான்டா."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பு. குடித்துக் குடித்து ஊரே காவிப் பல். (என்னப் போட்டோ எடுக்கறவன், "சிரிங்கண்ணா, ஆனா வாய மூடிக்கிட்டு"ம்பான்.) ஒகேனக்கலிலிருந்து வருகிற ஆற்றுத் தண்ணீர் பக்கத்து ஊர் வரை வந்து, எங்களுக்கு மட்டும் வருடக்கணக்காகப் போக்குக் காட்டியது. பள்ளம் தோண்டினார்கள், வீட்டுக்கு வீடு நீலக் குழாய் நட்டார்கள். பிள்ளைகள் அதில் காதை வைத்துக் கேட்டதுதான் மிச்சம்.

அப்படி இருக்கையில் ஒருநாள் ஓவர்சீயர் போன் செய்தார்.

"மெம்பர், நாளைக்குக் காலைல உங்க தெருவுக்கு ஆத்துத்தண்ணி விட்டுப் பாக்கறோம். ட்ரையல்தான். மேல்தொட்டியக் கழுவி வைக்கச் சொல்லுங்க."

'ட்ரையல்தான்' என்றது காதுக்குள் போனது. மண்டைக்குப் போகவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாரோ என்கிற பயம் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. மேல்தொட்டியில் இருந்த உப்புத் தண்ணீர் முழுவதையும் திறந்துவிடச் சொல்லிவிட்டு, ஆட்டோவை எடுத்தேன். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"என் வார்டு மக்களே! நாளைக்குக் காலைல காவேரி நம்ம வூட்டு வாசலுக்கு வர்றா!"

அதோடு வாயை மூடியிருந்தால் இன்றைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் வாசலுக்கு வந்து கை தட்டினார்கள். கை தட்டினால் எனக்கு வாய் தானாக ஓடும்.

"வூட்ல இருக்கிற உப்புத்தண்ணி அத்தனையும் கொட்டிருங்க! கொடம், அண்டா, டிரம்மு, தொட்டி, எல்லாத்தயும் புளி போட்டுத் தேய்ச்சுக் கவுத்து வைங்க. உப்பு ஒட்டுன பாத்திரத்துல காவேரியப் புடிக்கக்கூடாது!"

இது ஓவர்சீயர் சொல்லாதது. எந்த சாஸ்திரத்திலும் இல்லாதது. என் வாய் பெற்றுப் போட்ட பிள்ளை.

நான் மெம்பர் ஆனதிலிருந்து ஜனங்கள் என் பேச்சைக் கேட்டதே இல்லை. குப்பையைப் பிரித்துப் போடச் சொன்னேன், கேட்கவில்லை. மாட்டை ரோட்டில் கட்டாதீர்கள் என்றேன், என் ஆட்டோவிலேயே கட்டினார்கள். அன்றைக்கு மட்டும் கேட்டார்கள். சாயங்காலம் தெருவே திருவிழா. சாக்கடை கரை புரண்டு ஓடியது. தெரு முழுக்கப் புளி வாசம்.

எதிர் வீட்டில் மட்டும் ஒரு நீல டிரம் கொட்டப்படாமல் நின்றது. பச்சியப்பன் மாமாவின் சம்சாரம் குப்பம்மா அத்தை அதைச் சாய்க்கப் போக, மாமா அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"வரட்டும்டி. வந்தப்பறம் கொட்டிக்கலாம்."

"ஊரே கொட்டுது. ஒரு நாளாவது நல்ல தண்ணில ஒலை வெக்கறேன், கைய எடு."

நான் ஆட்டோவை நிறுத்தினேன். "என்னா மாமா, காவேரியவே சந்தேகப்படறீங்க?"

"காவேரிய யாருடா சந்தேகப்பட்டது? உன்னத்தான்."

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நானோ மைக்கை எடுத்தேன். "அன்பான மக்களே! பச்சியப்பன் மாமா ஒருத்தர் மட்டும் உப்புத்தண்ணிய வுடமாட்டேங்கறாரு! உப்பு கொறஞ்சா மாமாவுக்கு ரோசம் கொறஞ்சு போயிருமாம்!"

தெருவே சிரித்தது. மாமாவே அந்த டிரம்மைப் பிடித்துச் சாய்த்தார். தண்ணீர் என் ஆட்டோ சக்கரம் வரை வந்தது.

"எறக்கியாச்சு. போலாம், ரைட்டு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் தெருவில் எல்லாக் குழாயின் கீழும் பளபளவென்று குடங்கள். குழாயைத் திறந்தால் 'புஸ்ஸ்' என்று காற்று வந்தது. "காத்து மொதல்ல வரும், பின்னாடியே தண்ணி வரும்," என்று விளக்கம் கொடுத்துக்கொண்டு திரிந்தேன். (எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது.) அன்று காலை மாமா வாசலில் நின்று என்னைக் கூப்பிடவில்லை. இன்னிக்குத் தப்பிச்சோம் என்று நினைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே கொட்டிக்கொள்ளத் தோன்றும்.

ஒன்பது மணிக்கு வீட்டில் மின்விசிறி நின்றது. என் மனைவி சாந்தி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏங்க, இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் கரண்ட்டு கட்டுன்னு முந்தாநேத்து அதே ஸ்பீக்கர்ல கத்திக்கிட்டுப் போனது யாரு?"

"நாந்தான்."

"கரண்ட்டு இல்லாம மோட்டாரு ஓடுமா?"

ஓடாது. ஆற்றுத் தண்ணீரைத் தள்ளிவிடுகிற மோட்டாரும் ஓடாது, போர் மோட்டாரும் ஓடாது. கரண்ட் இல்லை என்று சொன்னதும் நான், தண்ணீர் வருகிறது என்று சொன்னதும் நான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய மண்டை ஆட்டோவில் ஹாரன் அடித்துக்கொண்டு போயிருந்தது.

அப்போதுதான் எதிர் வீட்டிலிருந்து குப்பம்மா அத்தையின் குரல் வந்தது. அழுகை என்று புரிவதற்குள் சாந்தி ஓடிவிட்டாள்.

விடியற்காலையில் மாமா நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்திருக்கிறார். சொம்பில் மிச்சம் இருந்த தண்ணீரை அத்தை கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. தூங்கட்டும் என்று விட்டிருக்கிறார் அத்தை. அந்தச் சொம்புதான் அந்த வீட்டில் இருந்த கடைசித் தண்ணீர்.

ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிற மகன் சரவணன் மதியத்துக்குள் வந்துவிட்டான். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பேசினார்கள். பந்தல் வந்தது, மேளம் வந்தது, மாலை வந்தது. பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "குளுப்பாட்டத் தண்ணி?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை. எனக்குத் திட்டு வாங்கப் பழக்கம் உண்டு, பார்வை வாங்கப் பழக்கம் இல்லை.

ஆட்டோவை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனேன். கரண்ட் இல்லை என்பதால் அங்கே முந்தின நாளே பிடித்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கே அளவாகத்தான் இருந்தது. குடத்தை நீட்டினேன். ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"உங்க ஊருக்குத்தான் காவேரி வந்துட்டாளாமே? உங்க ஸ்பீக்கரு இங்க வரைக்கும் கேட்டுதே! எங்களுக்குக் கொண்டாந்து குடுக்க வந்திருக்கீங்கன்னு பாத்தேன்."

காரிமங்கலத்துக்கு விட்டேன். கேன் தண்ணீர்க் கடையில் இருந்த எல்லாக் கேனையும் ஏற்றச் சொன்னேன்.

"என்னண்ணா, கல்யாணமா?" என்றான் கடைக்காரப் பையன்.

"இல்லப்பா, குளிக்க."

ஏற்றுவதை நிறுத்திவிட்டு என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். "மெம்பருன்னா அவ்ளோ வருமானமாண்ணா?"

சாவு என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. (வாழ்க்கையில மொத மொறயா நானும்.)

திரும்பி வந்து தெருவுக்குள் நுழைந்தால், ஆட்டோவைக் குடங்கள் சூழ்ந்துகொண்டன. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லாத ஜனம். கைக்குழந்தையோடு ஒருத்தி கேனைப் பிடித்தே விட்டாள். சரவணன் ஓடி வந்தான்.

"இது எங்கப்பாவுக்கு! யாராவது தொட்டீங்க, நடக்கறதே வேற!"

"உங்கப்பாவுக்கு வேணாம்னு யாருப்பா சொன்னது? புள்ளக்கி நாக்கு ஒட்டுது, பாரு!"

நான் ஆட்டோவில் ஏறி நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றேன். பந்தலுக்குள்ளிருந்து குப்பம்மா அத்தை எழுந்து வந்தார். கூட்டம் விலகியது.

"டேய் சரவணா, கைய எடு. குடிக்கறவங்களுக்கு மொதல்ல ஊத்து. உங்கப்பனுக்கு இனி எந்த பஸ்ஸும் வுட்டுப் போவாது."

ஊற்றினோம். மீதி இருந்ததைப் பந்தலுக்குக் கொண்டுபோனோம். கேன் மூடியின் பிளாஸ்டிக் சீலைச் சரவணன் பல்லால் கடித்து இழுத்தான். வாழ்நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் குளித்த மனிதரை மினரல் வாட்டரில் குளிப்பாட்டினோம், டம்ளர் டம்ளராக, சிந்தாமல். நெற்றியிலிருந்து வழிந்ததை நான் கையால் ஏந்தித் தோளில் விட்டேன். அவருக்குக் கிடைத்த முதல் நல்ல தண்ணீர் அதுதான். கண்ணைத் திறந்து இரண்டு வார்த்தை திட்டமாட்டாரா என்று இருந்தது.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து நாங்கள் திரும்புகிற நேரத்துக்குக் கரண்ட் வந்திருந்தது. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. குழாய்களில் தண்ணீர். முதலில் செம்மண்ணாக வந்து, பிறகு தெளிந்து, கண்ணாடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. எத்தனை வருடம் காத்திருந்த தண்ணீர்! எங்கள் தெருப் பெண்கள் குடம் முட்டாமல், குரல் எழும்பாமல் தண்ணீர் பிடித்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். எழவு வீடு இருக்கிற தெரு என்று எவர்சில்வர் குடத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தார்கள்.

மாமா வீட்டுக் குழாயை மட்டும் யாரும் திறக்கவில்லை. என் வீட்டுக் குழாயில் தலை முழுகிய ஈரத்தோடு அந்த வாசலில் போய் நின்றேன். பாழாய்ப்போன வாய், பழக்கதோஷத்தில், "அத்த, தண்ணி வந்துருச்சு," என்றது.

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லாதடா. புடி."

பிடித்தேன். கவிழ்த்து வைத்திருந்த அந்த நீல டிரம்மை நிமிர்த்தி, விளிம்பு வரை நிரப்பிவிட்டு வந்தேன்.

என் பதவிக்காலம் முடிந்துவிட்டது. மற்ற மெம்பர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, சிறுபாலத்தில் இருக்கிறது. என் பெயர் டிரம்மில் இருக்கிறது. அந்தச் சாவுக்குப் பிறகு எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு டிரம், எது வந்தாலும் போனாலும் கொட்டாமல், நிரம்பி நிற்கும். அதற்கு 'மெம்பர் டிரம்' என்று பெயர். தெருவுக்குப் புதிதாக வருகிற மருமகளுக்கு அடுப்படியைக் காட்டிய கையோடு அதையும் காட்டிவிடுவார்கள். காரணம் கேட்டால் கதையும் சொல்வார்கள். சொல்லச் சொல்ல நான் அதில் இன்னும் பெரிய முட்டாளாகிக்கொண்டே போகிறேன். என் வீட்டில், நான் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் சாந்தி பிள்ளைகளிடம், "போயி டிரம்மப் பாருங்கடி," என்பாள். பிள்ளைகளும் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்பியிருக்கும்மா, அப்பா பேசலாம்," என்பார்கள்.

இவர்கள் எல்லாரையும்விட அந்தக் கதையை நன்றாகச் சொல்வது குப்பம்மா அத்தைதான். 'எங்கூட்டுக்காரருக்கு சீல் ஒடச்ச தண்ணி' என்கிற இடத்தில் அவரே முதலில் சிரிப்பார். போன வாரம் ஒரு விருந்தில் அப்படிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு, பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"மாதேசா, நாளைக்கு நான் போய்ச் சேந்தா நீதான்டா மொத ஆளா நின்னு எல்லாம் பாக்கணும். ஆனா ஊருக்குச் சொல்றது மட்டும் வேற யாராவது சொல்லட்டும்."

பந்தியே சிரித்தது. நான் சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.