ஆந்தையால் வர முடியாமல் போனது பற்றி

லியெக்ஸா,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் கலெர்வோ அவர்களுக்கு,

தங்கள் அக்காள் ஹில்க்காவின் கணவன் உர்ப்போ எழுதிக்கொள்வது. மைனஸ் இருபத்தெட்டு டிகிரியில் மனிதர்கள் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலமாக நாங்கள் இருவரும் இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் மனைவியும் தங்கள் கோபமும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். தங்கள் அறுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு நாங்கள் வராததற்கு, "ஒரு ஆந்தை வந்துட்டுப் போச்சுடா, அதான் வர முடியல" என்று தங்கள் அக்காள் சொன்ன காரணம் போதவில்லை என்பது, தாங்கள் பாதிப் பேச்சில் போனை வைத்ததிலிருந்தே புரிந்தது. அன்றிலிருந்து ஹில்க்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. அம்மா போன பிறகு தங்களைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள். ஆகவே நடந்ததை முறைப்படி விளக்குவது என் கடமையாகிறது.

முதலில் ஒன்று. இதற்கெல்லாம் மூலகாரணம் தாங்கள்தான். நான் பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, பறவைக்குத் தீனி போடும் அந்த மரப்பெட்டியைக் கையில் கொடுத்து, "வேலை இல்லாம வீட்ல உக்காந்தா அக்கா உயிரை எடுப்பீங்க அத்தான், இதப் பாத்துக்கிட்டு இருங்க" என்று சொன்னது தாங்கள். சொன்னபடி முற்றத்து பிர்ச் மரத்தில் தொங்கவிட்டு, சூரியகாந்தி விதை போட்டுவிட்டு, ஜன்னலில் காபியோடு உட்கார்ந்தேன். ஒரு வாரத்துக்கு ஒரு ஜீவனும் எட்டிப்பார்க்கவில்லை. பிறகு ஒரு பட்டாணிக்குருவி வந்து ஒரே ஒரு விதையை எடுத்துக்கொண்டு போனது. போனது சும்மா இருந்ததா, ஊரெல்லாம் சொல்லிவிட்டது. அடுத்த நாள் பட்டாளமே வந்துவிட்டது. அப்புறம் அணில். அந்த அணில் இருக்கிறதே, நான் பெட்டிக்குக் கம்பி கட்டினால் கம்பியை அவிழ்க்கும், தகரம் சுற்றினால் மேல் கிளையிலிருந்து தலைகீழாக இறங்கும், அதையும் மூடினால் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து என்னையே முறைக்கும், கடைசியில் நான்தான் தோற்று அதற்குத் தனியாக ஒரு தட்டு வைத்தேன். கொழுப்புக் கட்டி தொங்கவிட்டோம், மரங்கொத்தி வந்தது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து தின்றதைவிடச் சிந்தினது ஜாஸ்தி. சிந்தின விதைக்கு எலி வந்தது. பனிக்கு அடியிலேயே வழி தோண்டி, மேலே ஒண்ணுமே தெரியாம, கீழே ஒரு ஊரே நடத்திக்கிட்டு இருந்துச்சு. உருளைக்கிழங்கு அறைக்குள்ள வந்துரும்னு உன் அக்கா ஒரே புலம்பல். "பெட்டியைக் கழட்டுங்க, இல்ல நான் கழட்டுறேன்"ங்கிறா. மைத்துனர் கொடுத்த பரிசாச்சேன்னு நான்தான் உனக்காகச் சண்டை போட்டேன், அதையும் ஞாபகம் வச்சுக்க.

இப்ப உன் பிறந்தநாள் காலைக்கு வர்றேன். விடிய விடியப் பனி கொட்டி, முற்றம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு மெத்தை மாதிரி கிடக்கு. டிராக்டர்ல பனி வாருற நம்ம பக்கத்து வீட்டு பிர்க்கோ வந்து வழி விட்டாத்தான் காரை எடுக்க முடியும். நான் கோட்டு சூட்டுல இருக்கேன். உன் அக்கா நீலச் சட்டையில, கையில கேக்கு, மேல சிவப்புப் பழத்தை அடுக்கி அடுக்கி அறுபதுன்னு எழுதியிருக்கா. ரெண்டு பேரும் ஜன்னல்ல பிர்க்கோவை எதிர்பாத்து நிக்கிறோம். அப்பத்தான் வேலிக் கம்பத்து மேல அது வந்து உக்காந்துச்சு. வந்ததை நாங்க பாக்கல. இல்லாத இடத்துல இருந்துச்சு, அவ்வளவுதான். சாம்பல் நிறம், தலை மட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். எங்களைச் சட்டையே பண்ணல. தலையை லேசா சாய்ச்சு, பனியைக் காது கொடுத்துக் கேட்டுச்சு. நான் ஆயுசு பூரா இஞ்சின் சத்தம் கேட்டவன் மச்சான், கேக்குறதுன்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அப்புறம் எழும்புச்சு. அத்தனை பெரிய றெக்கை, ஒரு சத்தம் இல்லை. முற்றத்து நடுவுல அந்தரத்துல நின்னுச்சு, முகம் குப்புறப் பனிக்குள்ள விழுந்துச்சு. வால் மட்டும்தான் வெளியே. செத்துப்போச்சுன்னு நினைச்சேன். மெதுவா எழுந்து உக்காந்தா, காலுல எலி. கண்ணுக்குத் தெரியாத எலியை, அத்தனை பனிக்கு மேல இருந்து, காதாலேயே பிடிச்சிருக்கு. முழுங்கிட்டு, மஞ்சக் கண்ணால எங்களை ஒரு தடவை பாத்துச்சு. போயிருச்சு. ஹில்க்கா என் சட்டைக் கையைப் பிடிச்ச பிடியில பித்தான் தெறிச்சு விழுந்துருந்துச்சு. ரெண்டு பேருக்கும் அது தெரியல.

வெளியே ஓடிப் பாத்தோம். பனியில அது விழுந்த தடம் அப்படியே கிடக்கு. நடுவுல முகம் புதைஞ்ச குழி, ரெண்டு பக்கமும் விரிச்ச றெக்கை, ஒவ்வொரு இறகும் தனித்தனியா, எண்ணலாம் போல. மூச்சு விட்டா கலைஞ்சிருமோன்னு பயமா இருந்துச்சு. அந்த நேரம் பாத்து பிர்க்கோ டிராக்டரோட உள்ள திரும்புறா. உன் அக்கா விருந்துச் செருப்போட ஓடிப்போய் டிராக்டருக்கு முன்னால நின்னுட்டா.

"தள்ளு ஹில்க்கா, உன்னையும் சேத்து வாரிட்டுப் போயிருவேன்."

"இங்க ஓட்டக் கூடாது."

"ஏன், கல்லு கிடக்கா?"

"இறங்கி வந்து பாரு."

பிர்க்கோ முணுமுணுத்துக்கிட்டே இறங்கி வந்தா. பாத்தா. தொப்பியைக் கழட்டினா, அந்தக் குளிர்ல. போய் இஞ்சினை அணைச்சுட்டு வந்து மறுபடியும் பாத்தா. "இத்தனை வருஷமா விடியுமுன்னே பனி வாருறேன்," அப்படின்னா. "இந்த மாதிரி எத்தனையை வாரித் தள்ளியிருப்பேனோ."

அதுக்கப்புறம் நாங்க என்ன செய்ய முடியும், சொல்லு. அந்தத் தடத்து மேல டிராக்டரை விடச் சொல்லியா உன் அக்காகிட்ட நான் சொல்ல முடியும்? கார் நின்ன இடத்துல நின்னுச்சு. காபி போட்டோம். அவ்வளவு நேரம் நின்னதுல பசி. கேக்கு மேல இருந்த அறுபதுல ஆறை பிர்க்கோ சாப்பிட்டா, பூஜ்யம் எனக்கு. நீ போன்ல அக்காவைத் திட்டினப்ப எங்க வாய்ல இருந்தது அதுதான். மறுநாள் காத்து அடிச்சு இறகு ஓரமெல்லாம் மழுங்கிச்சு, அதுக்கு மறுநாள் வெறும் பள்ளம், இப்ப அதுவும் இல்லை. உன் அக்கா இன்னும் அந்த இடத்தைச் சுத்தித்தான் நடக்குறா.

ஆகவே மைத்துனர் அவர்களே, கோபத்தை விட்டுவிட்டு அவளுக்கு ஒரு போன் செய்யுங்கள். வழி இருந்தும் வராமல் இருக்கவில்லை, வழி இல்லாமல்தான் வரவில்லை. அறுபதைத் தாண்டிய தங்களுக்கு முழங்கால் வலி வராமலும், கூரையில் பனி கூடாமலும், அடுப்பில் விறகு குறையாமலும் இருக்கட்டும். தங்கள் மனைவிக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்
உர்ப்போ

பின்குறிப்பு: ஹில்க்கா இதைப் படித்துவிட்டு, ஒன்றை எழுதினால்தான் தபாலில் போட விடுவேன் என்கிறாள். எங்கள் நீராவிக் குளியல் குடிலுக்குப் பின்பக்கமாகச் சாலைக்குப் போக இன்னொரு வழி இருக்கிறது. லாரியே போகும். "அந்தப் பக்கமா வாரி விடட்டுமா, விருந்துக்கு நேரத்துக்குப் போயிரலாம்" என்று பிர்க்கோ அப்போதே கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.