நான் இந்தியாவாக இருந்த சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் மகளும் சுகம். அங்கே உன் முழங்கால் வலி, மாமாவின் இருமல், சமையலறைக் கூரையின் ஒழுகல் மூன்றும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அறுபத்தெட்டு வயதில் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் விமானம் ஏறி மகளோடு வந்துவிட்டேன் என்ற கோபத்தில் நீ ஏழு மாதமாகப் போனை எடுப்பதில்லை. கடிதம் என்றால் பாதியில் வைக்க உன் சுபாவம் இடம் கொடுக்காது என்பதால் எழுதுகிறேன். தவிரவும், போன சனிக்கிழமை இந்தியாவின் மானம் என் கையில் ஒப்படைக்கப்பட்டது. அதை நான் என்ன செய்தேன் என்பது உனக்கு ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. கட்டடத்தில் எழுபத்திரண்டு வீடுகள். லிஃப்டில் ஏறினால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, மாறுகிற மாடி எண்ணை ஏதோ தேர்வு முடிவு மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டாகட்டும் என்று கட்டட மேலாளர் அம்மாள் கீழ்த்தளக் கூடத்தில் 'ஆசிய மாலை' என்று ஒன்று ஏற்பாடு செய்தாள். நாட்டுக்கு ஒரு மேசை, மேசை மேல் அந்த நாட்டுக்கு மட்டுமே சொந்தமான, வேறு யாருக்கும் பாத்தியதை இல்லாத ஒரு பொருள். மகள் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். "ஜன்னல்ல உக்காந்து கார் எண்ணிக்கிட்டு இருக்கறதுக்கு இது தேவலப்பா" என்றாள். பட்டியலை வாங்கிப் பார்த்தால் என் பெயருக்கு எதிரே 'இந்தியா' என்று மொட்டையாகப் போட்டிருந்தது. முப்பத்துநாலு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்து கடை கடையாகப் படிக்கல்லுக்கு முத்திரை வைத்தவனுக்கு இது பதவி உயர்வா, இறக்கமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

சரி, பொருள் வேண்டுமே. முதலில் அம்மாவின் பீங்கான் உப்பு ஜாடியை எடுத்தேன். மகள் அதைத் தலைகீழாகத் திருப்பினாள். நான் அறுபது வருஷமாகப் பார்க்காத அடிப்பாகத்தில் நீல நிறத்தில் இரண்டு சீன எழுத்துகள். சர்க்கரையை வைக்கலாமா என்று யோசித்தால் வாயைத் திறந்து 'சீனி' என்று சொன்ன மாத்திரத்தில் அதுவும் சீனா பக்கம் போய்விட்டது. குடையின் காம்பில் ஜப்பான் என்று பொறித்திருக்கிறது. இந்தக் கவலையோடு கைலியைக் கட்டிக்கொண்டு தபால் பெட்டியைப் பார்க்க இறங்கினேன். லிஃப்டில் வந்த மூன்றாம் மாடி பெயின்டர் என் இடுப்பைப் பார்த்துக் கண் கலங்கி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பர்மாக்காரர். எங்கள் நாட்டு உடையை இவ்வளவு மரியாதையாகக் கட்டியிருக்கிறீர்களே என்று நன்றி சொன்னார். என்னிடம் மிச்சமிருந்ததும் போயிற்று.

அப்போதுதான் அஞ்சாங்கல் நினைவுக்கு வந்தது. அம்மா மில்லுக்குப் போன மத்தியானங்களில் நம் முன்னறைச் சிமென்டுத் தரை எப்படிச் சில்லென்று இருக்கும் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பாவாடையை முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு நீ உட்காருவாய். மேலே போன கல்லை நீ பார்க்கவே மாட்டாய், கல்தான் உன் கையைத் தேடிக்கொண்டு வரும். இந்த ஆட்டத்தை நம் தெருவில் கண்டுபிடித்ததே நீதான் என்று சொன்னாய். நான் வேலைக்குப் போகும் வரைக்கும் அதில் பாதியை நம்பினேன். கட்டடத்துப் பூச்செடிகளுக்கு நடுவிலிருந்து நாற்பத்துமூன்று கூழாங்கற்கள் பொறுக்கி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, ஒன்பது கிராமில் ஐந்தைத் தேர்ந்தெடுத்தேன். அட்டையில் 'இந்தியாவின் ஆட்டம். வேறெங்கும் கிடையாது' என்று எழுதினேன். யார் சொன்னது என்று மகள் கேட்டாள். உன் அத்தை சொன்னது என்றேன். அதையே இந்த ஊர்ப் பாஷையில் கீழே எழுதிக் கொடுத்தாள், முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்போடு.

எனக்கு எதிர் மேசை, தெருமுனையில் சலவைக்கடை வைத்திருக்கும் கொரியாக்கார அம்மாள். என் வயதுதான் இருக்கும். மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. என் அட்டையைப் படித்தாள், இன்னொரு முறை படித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு என் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, என் ஐந்து கல்லையும் எடுத்து உருட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அத்தனை கட்டமும் மூச்சு விடாமல் ஆடி முடித்துவிட்டு, இது எங்களுடையது என்று மகள் மூலமாகச் சொன்னாள். பக்கத்து மேசை மங்கோலியா டாக்ஸி ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து ஆட்டின் கணுக்கால் எலும்பு நாலைந்தை எடுத்து, இதைக் கல்லில் ஆடுவதே பிற்காலத்து வழக்கம் என்பது போல் மேசையில் வைத்தார். மேலாளர் அம்மாள் வந்து, 'வேறெங்கும் கிடையாது' என்பதைப் பென்சிலால் அடித்தாள். பென்சில் முனை 'இந்தியாவின்' மேல் போய்த் தயங்கியது. நான் விடவில்லை. ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று தரையில் உட்கார்ந்தேன். என் முழங்கால் போட்ட சத்தம் கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்டதாக மகள் சொல்கிறாள்.

கடைசியில் ஐந்தையும் தூக்கிப் போட்டுப் புறங்கையில் ஏந்தி, மறுபடி எகிறவிட்டுப் பிடிப்போமே, அது அங்கேயும் அப்படியே. நாம் பழம் என்று எண்ணுவதை அவர்கள் வயது என்று எண்ணுகிறார்கள். மூன்று கல் பிடித்தால் மூன்று வயது. யாருக்கு முதலில் நாற்பது வயது ஆகிறது என்று ஆட்டம். நான் ஜெயித்தேன் அக்கா. எனக்கு நாற்பது ஆனபோது அவளுக்கு முப்பத்தொன்று. கூடமே கை தட்டியது. நடுவில் அவள் சுண்டுவிரலால் ஒரு கல்லை இன்னொன்றின் பக்கம் லேசாக நகர்த்தினாள். "கை பட்டுடுச்சு" என்று தமிழில் சொன்னேன். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் கொரிய பாஷையில் திருப்பிச் சொன்னதற்கும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவளே சிரித்துவிட்டு, உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாள். அக்கா என்றேன். அவளுக்கும் அக்காதானாம், இறந்து பதினொரு வருஷம் ஆகிறதாம். நீ உன் அக்காவோடு கடைசியாக எப்போது ஆடினாய் என்று கேட்டாள். நான் ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். உன் கல்யாணத்துக்கு முதல் நாள். எனக்குப் பதினொரு வயது. மறுநாள் நீ மாமாவோடு கிளம்பும்போது பெட்டியை வைத்துவிட்டு வீடெல்லாம் அந்தக் கல்லைத் தேடினாய். என்னைக் கேட்டாய். தெரியாது என்றேன். அவை கிணற்றுக்குள் கிடந்தன. காலையிலேயே ஒவ்வொன்றாக நான்தான் போட்டேன். நீ போகிறாய் என்ற கோபத்தில், ஒவ்வொரு கல்லும் தண்ணீரில் விழுகிற சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, அடுத்ததைப் போட்டேன். விட்டுவிட்டுப் போகிறவர்கள் மேல் வரும் கோபம் எனக்குத் தெரியாததில்லை. ஐம்பத்தேழு வருஷம் கழித்து ஒரு கொரியாக்காரி கேட்டுத்தான் இதை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னித்துக்கொள்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆசிகள். ஒழுகும் இடத்துக்குக் கீழே பாத்திரம் வைப்பதை விட்டுவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடு.

என்றும் உன் சொல்லைக் கேட்கும்,
தம்பி

பி.கு.: மகள் இதைப் படித்துவிட்டு, "அத்தைக்குமாப்பா பொய் எழுதறீங்க?" என்கிறாள். ஆகவே சில திருத்தங்கள். நாற்பது வயது ஆனது அந்த அம்மாளுக்கு. நான் பத்தொன்பதிலேயே நின்றுவிட்டேன். சுண்டுவிரலால் கல்லை நகர்த்தியது நான், நீ சொல்லிக்கொடுத்த அதே மாதிரி. கையைப் பிடித்தது அவள். 'இந்தியாவின்' என்பதையும் மேலாளர் அம்மாள் அடித்துவிட்டாள், இப்போது அட்டையில் 'ஆட்டம்' மட்டும் இருக்கிறது. அதைச் சலவைக்கடைச் சுவரில் மாட்டியாயிற்று, இனி செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே ஆடுவதாக ஏற்பாடு, நேற்றே தொடங்கிவிட்டோம், பெயின்டர்தான் நடுவர். அவர்கள் வழக்கப்படி தோற்றவன் நெற்றியில் ஒரு சுண்டு வைக்க வேண்டுமாம். அத்தனை பேருக்கு முன்னால் வைத்தாள். நான்கு நாளாகியும் லேசாக வலிக்கிறது. ஆனாலும் உன் குட்டு அளவுக்கு வராது.