பழைய ஃப்ரேம்காரர்

சைக்கிள் ஓட்டுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். ஓட்டாதவர்களையும் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அது சைக்கிளை உதிரி உதிரியாகச் சேர்த்து மாட்டிக்கொண்டே இருக்கும். சாதாரண சைக்கிளை அல்ல. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு பந்தயக்காரன் மிதித்துத் தள்ளிவிட்டு இறங்கி மறந்துபோன கார்பன் இழை ஃப்ரேம் ஒன்றை, சக்கரமில்லாமல், பிரேக் இல்லாமல், செயின் இல்லாமல் வெறும் எலும்புக்கூடாக எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, இதை இந்தக் காலத்துச் சாலையில் ஓட வைக்காமல் விடமாட்டேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இந்த இனத்துக்குப் பழைய ஃப்ரேம்காரர் என்று பெயர். அடையாளம் சுலபம். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். தொடையில் தசை இருக்காது.

எனக்குத் தெரிந்த உருப்படி எங்கள் எதிர்வீட்டுப் பல் டாக்டர். நல்ல மனிதர், கைராசிக்காரர். ஒரு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடுதலாக வந்ததும், உடம்பை அசைக்காவிட்டால் ஆபத்து என்று அவருடைய நண்பரான பொது மருத்துவர் எச்சரித்தார். டாக்டரைவிட அவர் மனைவி அதிகமாகப் பயந்தார். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர். ஒன்றை முடிவு செய்தால் விடை வரும்வரை விடமாட்டார். இரண்டு சாதாரண சைக்கிள் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிவரை இருவரும் சேர்ந்து போய்வருவது என்று ஏற்பாடு.

முதல் ஞாயிறு போனார்கள். அடுத்த ஞாயிறும் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு டாக்டர் தன் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இது தண்ணீர்க் குழாயை வளைத்துச் செய்தது, இதை மிதித்தால் முட்டி போய்விடும், முதலில் ஒரு நல்ல வண்டி அமையட்டும் என்றார். இந்த இனம் பிறக்கும் நொடி இதுதான். உடற்பயிற்சி செய்யாமலிருக்க ஆயிரம் சாக்கு உண்டு. உடற்பயிற்சிக்கு ஆயத்தமாவது என்பதை மிஞ்ச ஒரு சாக்கு உண்டா?

கறுப்பாக, மெலிந்து, விறைப்பாக ஒரு ஃப்ரேம் வந்தது. முதல் வேலை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. கார்பன் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளுக்குள் பிளந்திருக்கும் என்பது இவர்களுடைய தீராத கவலை. அதனால் ஒரு நாணயத்தால் ஃப்ரேமை அங்குலம் அங்குலமாகத் தட்டி, காதை வைத்துக் கேட்பார்கள். 'டக்' என்றால் ஆரோக்கியம். 'தொப்' என்றால் போச்சு. டாக்டர் தட்டினார். தட்டித் தட்டிப் பழகி, சாப்பாட்டு மேசையைத் தட்டினார், குளிர்பதனப் பெட்டியைத் தட்டினார், ஒருநாள் பேச்சுவாக்கில் மாமனாரின் முதுகையும் தட்டிக் கேட்டார்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை. ஃப்ரேமைத் தன் கிளினிக்குக்கே தூக்கிப் போய், பல் பார்க்கும் நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைத்து, எக்ஸ்ரே எடுத்தார். ஒவ்வொரு பல்லாக எடுப்பதுபோல ஒவ்வொரு துண்டாக எடுத்தார். அந்த நேரம் வெளியே வீங்கிய கன்னத்தோடு காத்திருந்த நோயாளி நான்தான். கதவு இடுக்கில் பார்த்துவிட்டு, உள்ளே யார் என்று வரவேற்பில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், அவசர கேஸ் என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றுமே விழவில்லை. கார்பன் அதில் சரியாகத் தெரியாதாம். ஒன்றும் தெரியாததையே ஒரு குறையும் இல்லை என்று எடுத்துக்கொண்டு டாக்டர் பூரித்துப்போனார். என் பல்லையும் அதே பூரிப்போடு பிடுங்கினார்.

பிறகுதான் உண்மையான திருவிளையாடல். இன்றைக்கு விற்கும் பிரேக் அந்த ஃப்ரேமில் ஏறாது. அதில் ஏறும் பிரேக்கை இன்றைக்கு யாரும் விற்பதில்லை. இப்போதைய டயர் கொஞ்சம் தடித்தது, பின்பக்கக் கவட்டைக்குள் நுழையாது. மெல்லிய டயர் தேடிப் பிடித்தால் அது புதுச் சக்கரத்தில் உட்காராது. பழைய சக்கரம் தேடிப் பிடித்தால் அதில் புது கியர் மாட்டாது. ஒவ்வொரு பார்சல் பெட்டியும் வந்திறங்கும்போது இன்னொரு பெட்டிக்கு வழி சொல்லிவிட்டு இறங்கும். டாக்டரைக் கேட்டால், "இன்னும் ஒரே ஒரு சின்ன வேலைதான்" என்பார். இரும்புத் திருகுகளைக் கழற்றிவிட்டு எடை குறைந்த திருகுகளைப் போட்டு, மருந்து நிறுக்கும் தராசில் வைத்து எனக்குக் காட்டினார். திருகில் குறைந்தது இடுப்பில் ஏறியிருந்தது.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருந்தன. மனைவி தனியாகப் போனார். ஆரம்பத்தில் கிளம்பும்போது, "வர்றீங்களா?" என்று கேட்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். ஏரியையும் தாண்டிப் போகத் தொடங்கினார். அவர் கேட்பதை விட்டது டாக்டருக்கு நிம்மதி. எனக்கு என்னவோ அது அவ்வளவு நல்லதாகப் படவில்லை.

ஒருவழியாக வண்டி தயாரானது. பொய் சொல்லக்கூடாது, அழகான வண்டி. இரண்டு விரலால் தூக்கலாம். வெள்ளோட்டத்தை வீடியோ எடுப்பதற்காக என்னை ஸ்கூட்டரில் பின்னால் வரச் சொன்னார். மனைவி முன்னால் போனார். டாக்டர் நடுவில். கடைசியில் நான்.

முதல் மேடு வரைக்கும் கம்பீரம்தான். அப்புறம் எனக்கு ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. டாக்டர் குள்ளமாகிக்கொண்டு வந்தார். சீட்டைத் தாங்கும் தண்டு மெல்ல மெல்ல ஃப்ரேமுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கும் திருகை, எங்கே கார்பன் நொறுங்கிவிடுமோ என்ற பயத்தில், இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரை வைத்துக்கொண்டே, சொன்ன அளவில் பாதிகூட இறுக்காமல் விட்டிருந்தார். இறங்கி உயர்த்திவிட்டு ஏறினார். மறுபடி இறங்கியது. மேட்டின் பாதியில் அவருடைய முட்டிகள் காதுக்குப் பக்கத்தில் வந்து வந்து போயின. வீடியோவில் பார்த்தால் தவளை ஒன்று மலையேறுகிறது.

மேலே வளைவில் மனைவி சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். டாக்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். வீட்டுக்குத் திரும்பிவிடலாம், ஒரு பசை வாங்கித் தடவினால் தண்டு நழுவாது, அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன் என்று மூச்சு வாங்கச் சொன்னார். மனைவி கோபப்படவில்லை.

"வரணும்னா வாங்க. இல்லேன்னா வரலைன்னு சொல்லிடுங்க. ஒவ்வொரு வளைவுலயும் நின்னு நின்னு திரும்பிப் பார்த்துட்டுப் போறேன். அதையாவது விட்டுடறேன்."

நான் வீடியோவை நிறுத்திவிட்டேன். இத்தனை நாளும் வளைவுக்கு வளைவு ஒருத்தி நின்றிருக்கிறாள் என்பது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். அளவு காட்டும் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுவிட்டு, சாதாரண ஸ்பேனர் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திருகை நன்றாக ஒரு முறுக்கு முறுக்கினார். கார்பன் நொறுங்கவில்லை. வானமும் இடியவில்லை.

அதற்குப் பிறகு சீட் அசையவில்லை. மேட்டுக்கு அந்தப்பக்கம் ஏரிவரைக்கும் இறக்கம். அந்த ஃப்ரேம் எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே போனார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். என் ஸ்கூட்டர்தான் பின்தங்கியது.

இதோடு முடிந்திருந்தால் சுபம். ஏரிக்கரையில் உட்கார்ந்தபோது, நீயும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரேன் என்று டாக்டர் பெருந்தன்மையாக வண்டியை மனைவியிடம் நீட்டினார். சீட்டைத் தாழ்த்திக்கொண்டு அவர் ஏரியை ஒரு சுற்று போனார். ஒரு சுற்று என்று சொல்லிவிட்டு இன்னொரு சுற்றும் போனார். திரும்பி வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. இறங்கவும் மனமில்லாமல் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப லேசா இருக்குங்க," என்றார். பிறகு மோதிர விரலால் ஃப்ரேமை ஒரு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

டாக்டர் நாணயத்தால் தட்டிக் கேட்ட அதே தோரணை.

இப்போது அவர்கள் வீட்டு மாடி வரவேற்பறையில் இன்னொரு ஃப்ரேம் நிற்கிறது. முன்னதைவிடச் சின்னது, நீலம். கணக்கு டீச்சர் இல்லையா, எந்தப் பல்சக்கரத்துக்கு எத்தனை பல் இருந்தால் எந்த மேட்டில் எவ்வளவு உழைப்பு மிச்சம் என்று தாள் தாளாகப் போட்டுப் பார்க்கிறார். விடை இன்னும் வரவில்லை. டாக்டர் ஞாயிறுதோறும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கீழே வந்து நிற்கிறார். மேலே பார்க்கிறார். கொஞ்சம் மெலிந்துகூட விட்டார், பாவம்.

எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, இந்த வியாதி என்னை அண்டாது என்று நீங்கள் நினைக்கலாம். சந்தோஷம். ஆனால் நல்ல கேமரா வந்ததும் படம் எடுக்கலாம், அடுப்பை மாற்றியதும் சமையல் கற்றுக்கொள்ளலாம், மேசை அமைந்ததும் எழுத உட்காரலாம் என்று எதையாவது தள்ளிவைத்துக்கொண்டு இருக்கிறீர்களா? அது போகட்டும். இதைப் படிக்க உட்கார்ந்தபோது, "இதோ, ஒரு நிமிஷம்" என்று யாரிடமாவது சொல்லிவிட்டுத்தானே உட்கார்ந்தீர்கள்? வாசல் பக்கம் எட்டிப் பாருங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னும் நிற்கிறார்களா, கிளம்பிவிட்டார்களா?