தெறி மாஸ்டர் இழுத்த நூல்

காலை ஏழு இருபதுக்கு நெல்லியடிச் சந்தியில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. என் மகன் கபிலன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து தாடையை உடைத்துக்கொண்டான். ஆனால் அந்த நாயின் புண்ணியத்தில்தான், வடமராட்சியிலேயே சட்டையில் தெறி இல்லாத ஒரே உத்தியோகத்தர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

சட்டைப் பொத்தானைத்தான் தெறி என்கிறோம். அவர் வாய்த் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர். நூல் கோத்த தெறியைப் பல்லுக்கு முன்னால் வைத்து உதட்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், அவர் இழுப்பார். ஒவ்வொரு நோயாளிக்கும் தன் சட்டையிலிருந்தே ஒன்றைப் பிய்த்துக் கொடுத்ததில் அவருக்கு மிஞ்சியவை ஊக்குகள்தாம்.

தாடைக் கம்பியைக் கழற்றிய பிறகும் கபிலனின் உதடு ஒட்டவில்லை. குடித்தது வழியும், சொல் குழறும். இப்போதே பழக்காவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பத்தொன்பது வயதுக்காரன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். நான் கெஞ்சினேன், அழுதேன், கீரிமலைச் சிவனுக்கு நேர்த்தி வைத்தேன்.

"அக்கா, நீங்கள் கதவடியிலை நிண்டு அழ அழ, உந்தப் பயிற்சி அவனுக்கு மருந்து மாதிரிக் கசக்கும். விடுங்கோ, நாங்கள் விளையாடுவம்," என்றார் மாஸ்டர்.

கதவுக்கு வெளியே எனக்கும் அவருக்கும் போட்டி. மூன்று முறையும் தோற்றேன்.

"உங்கடை உதடு கதைக்கத்தான் உதவும், பிடிக்க உதவாது."

அடுத்தது என் கணவர். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தெறியோடு பொய்ப்பல் செட்டும் சேர்ந்து வந்தது. மாஸ்டர் நூலைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணை, மீன் நல்ல பெரிசு."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "விடுங்கோ, நான் பிடிக்கிறன்," என்று குழறினான் மகன்.

பன்னிரண்டு நாள் பிடித்தான். பதின்மூன்றாம் நாள் மாஸ்டரின் மனைவி இறந்துபோனார். செத்தவீட்டுத் தீட்டான துடக்கு உள்ளவர் முப்பத்தொரு நாள் பிறர் வீட்டுப் படி ஏறுவதில்லை. அதைச் சொன்னதும் கபிலன் மறுபடி கதவைச் சாத்தினான்.

அவர் மனைவி இறந்த எட்டாம் நாள் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். சுவரோடு சாய்ந்திருந்தார்.

"அவ இருக்கேக்கைதான் பகிடி வந்தது, அக்கா," என்றார். பிறகு, "பெடியன் பயிற்சி செய்யிறானோ?" என்று கேட்டார். கதவை மறுபடி சாத்திவிட்டான் என்றேன்.

வாசலில் யாரோ சைக்கிளைச் சாத்தினார்கள். கம்பி கழற்றிய பிறகு எங்கள் வாசல் படலையைத் தாண்டாத என் மகன், துக்கத்துக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் நடந்து வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீங்கள் வரேலாதெண்டு அம்மா சொன்னவ, மாஸ்டர். அதுதான் நான் வந்தனான்."