முப்பத்தாறு குட்டிச்சாத்தான்களும் ஒரு பொலிஸ் பதிவும்

வெள்ளவத்தையில் எந்த வீட்டில் யார் யார் படுத்தெழும்புகிறார்கள் என்பதை அரசாங்கம் அறிந்திருக்க வேண்டும் என்பது அந்த யுத்த காலத்துச் சட்டம். அரசாங்கத்துக்கு அவ்வளவு அக்கறை. தமிழ்ச் சனம் குறட்டை விட்டாலும் அது ஆருடைய குறட்டை என்று பத்திரம் நிரப்பி, பொலிஸில் முத்திரை குத்தி வாங்கி, கதவுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும்.

கனகேஸ்வரியின் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு பத்திரம் தொங்கியது. அதில் அவளுடைய பெயர் இருந்தது. இரண்டு வயது மகளின் பெயர் இருந்தது. புருஷன் நாகேந்திரத்தின் பெயர்தான் இல்லை. மனுசனுடைய அடையாள அட்டை இடம்பெயர்ந்த வழியில் தொலைந்துவிட்டது. புதிது எடுப்பதற்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டிய கிளிநொச்சிக் கந்தோர் குண்டு விழுந்து இல்லாமல் போய்விட்டது. கந்தோர் இல்லையென்றால், இல்லையென்று அந்தக் கந்தோரிடமே ஒரு கடிதம் வாங்கி வரும்படி ஆறு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் நாகேந்திரம் சட்டப்படி பிறக்காதவர். பிறக்காத மனுசனை ரோட்டில் கண்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால், அவர் வீட்டுக்குள் இருந்து பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார்.

இந்தக் காலத்தில்தான் வெள்ளவத்தையில் ட்ராகனும் குட்டிச்சாத்தானும் படம் போட்ட அட்டைகளை மோதவிடுகிற விளையாட்டு பெரிய நாகரிகமாகப் பரவியது. கனடாவிலும் லண்டனிலும் இருந்து பிள்ளைகள் பக்கெட் பக்கெட்டாக அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனால் "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்ட சனம், "உங்களிட்டை எத்தினை ட்ராகன்?" என்று கேட்கத் தொடங்கியது. மேல்மாடிப் பத்மாவதி அக்காவிடம் ஒன்பது ட்ராகன் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. விளையாட வரும்போது கட்டியிருக்கிற சீலைக்குப் பொருத்தமான நிறத்தில் பார்த்து எடுத்துவருவா.

குட்டிச்சாத்தான் அட்டைகளை ஒருவரும் மதிக்கவில்லை. பச்சை முகம், நீட்டுக் காது, ஊத்தைப் பல்லு. பக்கெட்டை உடைத்த கையோடு ஒரு பக்கமாய் எறிந்துவிடுவார்கள். கனகேஸ்வரி எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பால்மா டின்னில் சேர்த்தாள்.

"ஏன் பிள்ளை இந்தக் குப்பை உனக்கு?" என்று பத்மாவதி கேட்டா.

"சும்மா கிடைக்கிறதை ஏன் அக்கா விடுவான்?"

ஒரு கட்டுக்கு அறுபது அட்டை என்பது விளையாட்டின் விதி. கனகேஸ்வரி முப்பத்தாறு குட்டிச்சாத்தானும் இருபத்துநாலு மலையும் போட்டுக் கட்டினாள். மலை அட்டைதான் அந்த விளையாட்டில் பலம் தருவது. ஒரு ட்ராகன் மேசைக்கு வர ஏழு மலை வேண்டும். குட்டிச்சாத்தானுக்கு ஒன்று போதும். தனியாக நின்றால் அது ஒரு சதத்துக்கும் உதவாது. தலைவன் ஒருவன் இறங்கினானோ, எல்லாவற்றுக்கும் ரோசம் வந்துவிடும்.

"நாலு மலை வைச்சிட்டன். இன்னும் மூண்டு வைச்சால் என்ரை ட்ராகன் வரும்," என்றா பத்மாவதி, அந்தச் சனிக்கிழமை.

"ஆறுதலாய் வரட்டும் அக்கா. அதுக்குள்ளை என்ரை ஆக்கள் ஒருக்கா வந்திட்டுப் போகட்டும்."

தலைவன் ஒருவன் இறங்க, அவன் பின்னால் பத்துக் குட்டிச்சாத்தான்கள் பாய்ந்துவிட்டுப் போனார்கள்.

"முடிஞ்சுது அக்கா."

"என்ன முடிஞ்சுது? ட்ராகன் இன்னும் வரேல்லையே!"

"வரமுதல் முடிஞ்சுது."

"இது நாகரிகமான ஆக்கள் விளையாடுற முறையில்லை," என்று சொல்லிவிட்டு பத்மாவதி அக்கா ஒன்பது ட்ராகனையும் உறைக்குள் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டா.

மறுநாள் காலை வீடு சோதிக்கப் பொலிஸ் வந்தது. வந்த சிங்களச் சார்ஜன் மூன்று வருஷம் மட்டக்களப்பில் வேலை பார்த்து, தமிழைக் கதைக்கவும் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் பழகியவர். குசினிச் சுவரில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. கனகேஸ்வரி தன் கட்டுக்கு எழுதிவைத்த கணக்கு.

"த-லை-வன் நாலு," என்று சார்ஜன் வாசித்தார். "சு-ரங்-கம் தோண்-டு-ற-வன் ஆறு. கொ-ளுத்-து-ற-வன் எட்டு. முன்-னுக்-கு ஓ-டு-ற-வன் பதினெட்டு." விரல் விட்டுக் கூட்டினார். "முப்பத்தாறு பேர். எங்க இருக்கிறாங்க?"

"இந்தா, டின்னுக்குள்ளை இருக்கினம் மாத்தயா."

சார்ஜன் டின்னைக் கவிழ்த்து அட்டைகளைப் பரப்பினார்.

"படம் இருக்கு. பேர் இருக்கு. நம்பர் இருக்கு. இது அடையாள அட்டை."

"விளையாட்டு அட்டை மாத்தயா."

"அப்ப உன்ர புருஷன்ட படம், பேர், நம்பர் போட்ட அட்டை எங்க?"

"அது தொலைஞ்சு போச்சு."

"பாத்தியா. இவங்களுக்கு அட்டை இருக்கு, பதிவு இல்ல. இவனுக்கு அட்டையும் இல்ல, பதிவும் இல்ல. மொத்தம் முப்பத்தேழு." அட்டைகளை இன்னொரு தரம் பார்த்தார். "நாலு தலைவனுக்கும் ஒரே முகம்?"

"ஓம் மாத்தயா, ஒரே படந்தான்."

"பரவாயில்ல. உங்கட ஆக்கள் எல்லாருக்கும் ஒரே முகந்தானே."

முப்பத்தாறு பேரும் பதியப்படும்வரை வீட்டுக்காரனைப் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் இருத்துவது என்று தீர்மானமாயிற்று. நாகேந்திரம் சோற்றுக் கையோடு ஜீப்பில் ஏறினார். கனகேஸ்வரி பிள்ளையை ஒரு இடுப்பிலும் டின்னை மறு கக்கத்திலும் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றமென்று பத்திரத்தின் அடியில் அச்சடித்திருந்தது. ஆகவே அவள் உண்மையைச் சொன்னாள், சார்ஜன் எழுதினார். தொழில்: கொளுத்துதல். நிரந்தர முகவரி: மலை. கொழும்புக்கு வந்த நோக்கம்: மேல்மாடிப் பத்மாவதியைத் தோற்கடித்தல்.

"மலை எண்டா? ஹட்டன் பக்கமா?"

"இல்லை மாத்தயா, வெளிநாட்டு மலை."

சார்ஜன் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அட்டையின் அடியிலிருந்த பொடி எழுத்தை வாசித்தார். பெல்ஜியத்தில் அச்சிட்டதென்று இருந்தது. மனுசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"பெல்ஜியம்! வெள்ளைக்காரங்களா? முன்னமே சொல்லுறதுக்கு என்ன, நோனா?" என்றார், மரியாதை ஏறி.

"பச்சைக்காரர் மாத்தயா."

"நிறம் எங்களுக்குப் பிரச்சினை இல்ல. பிறந்த இடந்தான் பிரச்சினை."

அரை மணித்தியாலத்தில் முப்பத்தாறு முத்திரையும் விழுந்தன. கொளுத்துவதற்கென்றே வந்த எட்டுப் பேர் உட்பட, மேற்படி நபர்களின் நடமாட்டம் தேசிய பாதுகாப்புக்கு எவ்விதத்திலும் பங்கம் விளைவிக்காதென்று தாம் திருப்தியடைவதாக இன்ஸ்பெக்டர் ஐயாவே கையெழுத்திட்டார்.

"அப்ப இனி இவரைக் கூட்டிக்கொண்டு போகலாமோ?" என்று கனகேஸ்வரி வாங்கைக் காட்டினாள்.

"இவன் எங்க பிறந்தவன்?"

"கிளிநொச்சி."

"அப்ப இரிக்கணும். நாளைக்கு மேலிடத்துக்கு அனுப்புவம்."

மேலிடத்துக்குப் போனவர்களில் ஆர் ஆர் திரும்பி வந்தார்கள் என்று வெள்ளவத்தைக்குத் தெரியும். காலையிலிருந்து எல்லாவற்றையும் பகிடியாகப் பார்த்துக்கொண்டிருந்த கனகேஸ்வரிக்கு அப்போதுதான் வாயிலிருந்த சிரிப்புக் கழன்றது. பிள்ளை "அப்பா" என்று வாங்கைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் டின்னைத் திறந்து ஒரு தலைவனை உருவி, முத்திரை குத்திய பத்திரத்தோடு மேசையில் வைத்தாள்.

"மாத்தயா, கோவிக்கக் கூடாது. பெல்ஜியத்து ஆளையெல்லோ காலமையிலிருந்து வாங்கிலை இருத்தி வைச்சிருக்கிறியள்."

"யாரு?"

"இந்தா, இவர்தான் அவர்."

சார்ஜன் அட்டையைப் பார்த்தார். பச்சை முகம், நீட்டுக் காது, ஊத்தைப் பல்லு. நாகேந்திரத்தைப் பார்த்தார். திரும்பவும் அட்டையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஐயாவும் வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"அதே ஆள்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

உடனே ஒரு கொன்ஸ்டபிள் தேத்தண்ணிக்கு ஓடினான்.

"என்னப்பா, என்னைப் பார்த்தால் அப்பிடியோ இருக்குது?" என்று நாகேந்திரம் பல்லைக் கடித்தார்.

"அவையின்ரை கண்ணுக்கு அப்பிடித்தான் இருக்குது. வாயைத் திறந்து கிளிநொச்சியைக் கொட்டாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அடுத்த நாள் நாகேந்திரம் குட்டிச்சாத்தான் தலைவனைச் சேட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வேலை தேடிப் போனார். வழியில் மூன்று சோதனைச் சாவடி. மூன்றிலும் படமும் ஆளும் சரி என்றார்கள். ஒருவன் சல்யூட்டும் அடித்தான்.

பின்னேரம் பத்மாவதி அக்கா இறங்கி வந்தா. கையில் ட்ராகன் இல்லை. மகளுடைய சாதகம் இருந்தது.

"உன்ரை வீட்டிலை பெல்ஜியத்திலை பதிவான ஆக்கள் முப்பத்தாறு பேர் நிக்கினமாம்."

"அக்கா, அது அட்டை! நீங்களே அதுகளிட்டைத் தோத்தனீங்கள்."

"அட்டையெண்டால் என்ன? போன வருஷம் லண்டன் மாப்பிள்ளையெண்டு எங்களுக்கு வந்ததும் ஒரு போட்டோதானே. ஆளை ஆர் கண்டது? இதுக்குப் பொலிஸ் முத்திரையாவது இருக்குது. அந்தத் தலைவனுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. என்னைத்தான் முடிச்சவர்."

பத்மாவதி அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தா. இத்தனை நாளும் இவளை மதிக்காமல் விட்டோமே என்ற கவலை முகத்தில் தெரிந்தது.

"அப்ப மிச்ச ஆக்களிலை ஒருத்தரைக் காட்டு."

கனகேஸ்வரி கட்டைக் கலைத்து நீட்டினாள். பத்மாவதி அக்கா கண்ணை மூடி, பிள்ளையாரை நினைத்து, ஒன்றை உருவினா. பல்லை இளித்துக்கொண்டு, கையில் தீப்பந்தத்தோடு நின்றது.

"தொழில் என்ன?"

"கொளுத்துறது அக்கா."

பத்மாவதி அக்கா கொஞ்சம் யோசித்தா.

"பெல்ஜியத்திலைதானே?"

"ஓம்."

"அப்ப ஒரு நல்ல நாளாய்ப் பார்."